உப்புக்காற்றுக்கு எந்தக் கேமரா?

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். இவர் டிகிரி முடித்துவிட்டு ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார், அதில் சேர்த்த பதினைந்தாயிரம் கையில் இருக்கிறது. கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

"அண்ணே, தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் தன்னுடைய பழைய நிக்கான் டி3200-ஐ 18-55 லென்ஸோடு 12,000-க்குத் தருகிறேன் என்கிறார். குவைத்தில் இருக்கும் மாமா மகன், தான் வைத்திருக்கும் சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடலை லீவுக்கு வரும்போது 14,000-க்குத் தருவதாகச் சொல்கிறான். அம்மாவும் அவரோடு பாசிக்குப் போகிறவர்களும் செய்யும் வேலையைப் படம் எடுக்க வேண்டும், அதுதான் முதல் ஆசை. அப்புறம் ஊரில் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, காதுகுத்து என்று வந்தால் எடுத்துக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கவும் வேண்டும். பெரிய கேமராவில்தான் படம் நன்றாக வரும் என்கிறார்களே, உண்மையா? சின்னதென்றால் கைக்கு அடக்கமாக இருக்கும். எதை வாங்கட்டும்?"

தங்கச்சி, டி3200-ஐ வாங்குங்கள். ஆனால் படம் நன்றாக வரும் என்பதற்காக வாங்காதீர்கள். இந்த இரண்டு கேமராவையும் பக்கத்தில் வைத்தால் அந்தப் பேச்சு அவ்வளவாக நிற்காது. நான் ராமநாதபுரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, சர்ச் திருவிழா என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன், முழுக்கப் பெரிய கேமராவில்தான் பிழைப்பு, அதனால் பெரியதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் முதலில் சின்னதன் பக்க நியாயத்தையே சொல்லிவிடுகிறேன்.

கேமராவுக்குள் வெளிச்சம் வந்து விழுகிற சில்லு இருக்கிறதல்லவா, சென்சார், அது டி3200-ல் ஏறக்குறைய 23-க்கு 15 மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100-ல் 13-க்கு 9-ஐவிடக் கொஞ்சம் குறைவு. பரப்பில் மூன்று மடங்கு வித்தியாசம். எல்லாரும் இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். லென்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் பெரிதாகத் திறக்கிறது என்று அர்த்தம். ஸ்டூடியோக்காரர் தரும் 18-55 லென்ஸ், ஜூம் பண்ணாமல் அகலமாக வைக்கும்போது எஃப் 3.5 வரைதான் திறக்கும், ஆர்எக்ஸ்100-ன் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அது கிட்டத்தட்ட நாலு மடங்கு வெளிச்சம் கொடுக்கிறது. சென்சாரில் பெரியது சம்பாதித்ததை லென்ஸில் இழந்துவிடுகிறது, கணக்கு நேர். விடிகிற நேரத்தில் வள்ளத்தைத் தள்ளும்போது இரண்டு கேமராவிலும் அகலமாக வைத்து ஒரே இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்றால் எது எதில் எடுத்தது என்று நானே திணறுவேன். ஜூம் பண்ணினால் கதை மாறும், அங்கே சின்னதன் லென்ஸும் எஃப் 4.9-க்குச் சுருங்கிவிடுவதால் பெரியது முந்தும். இரண்டிலும் ரா ஃபைல், அதாவது கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கிற ஃபைல், எடுக்கலாம். வேகமாக அடுத்தடுத்துச் சுடுவதில் சின்னதுதான் கெட்டி, விநாடிக்குப் பத்து எடுக்கும், டி3200 நாலுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் ஊரில் வேலை நடக்கிற நேரம் வெயில் நேரம். பாசி எடுத்துத் திரும்பி மணலில் கொட்டி உலர்த்தும்போது சூரியன் உச்சியில் நிற்கும், தலையில் துண்டைச் சுற்றியிருப்பார்கள், முகம் முழுக்க நிழல். அங்கே லேசாக ஒரு ஃப்ளாஷ் போட்டால் கண் தெரியும். டி3200-ல் ஃப்ளாஷோடு சேர்த்து ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடுகிற கதவை, விநாடியில் இருநூறில் ஒரு பங்கைவிட வேகமாக வைக்க முடியாது, அதனால் அந்த வெயிலில் எஃப் 11 வரை மூட வேண்டி வரும், உள்ளேயே இருக்கும் சின்ன ஃப்ளாஷ் அந்தத் துளைக்குள் புகுந்து ஒரு மீட்டருக்கு மேல் எட்டாது. ஆர்எக்ஸ்100-ன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் எவ்வளவு வேகத்திலும் ஃப்ளாஷ் சேர்ந்து வரும். நடு மத்தியானத்து முகத்துக்கு அது பெரிய வசதி. இதை மறைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் பெரியதை வாங்கச் சொல்கிறேன்?

கண்ணை ஒட்டிப் பார்க்கிற அந்தச் சின்ன ஜன்னலுக்காக. வ்யூஃபைண்டர். ஆர்எக்ஸ்100 முதல் மாடலில் அது கிடையாது, பின்னால் இருக்கும் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நல்ல திரைதான், வீட்டுக்குள் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். ஆனால் பதினொரு மணி வெயிலில், கீழே வெள்ளை மணலும் எதிரே மினுங்குகிற தண்ணீருமாக நிற்கும்போது எந்தத் திரையிலும் உங்கள் முகம்தான் தெரியும். செல்போனில் எடுத்தபோது நீங்களே அனுபவித்திருப்பீர்கள், எங்கேயோ காட்டி அழுத்திவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மாவின் கை பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். டி3200 மாதிரி டிஎஸ்எல்ஆரில் திரையே தேவையில்லை, கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கிறீர்கள், வெயில் எவ்வளவு அடித்தாலும் அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியும். ஓரத்தில் கொஞ்சம் மட்டும் ஜன்னலில் தெரிவதைவிடக் கூடுதலாகப் படத்தில் விழும், பழகிவிடும். வெயிலில் வேலை செய்கிறவர்களை வெயிலில் நின்று எடுக்கப்போகிறீர்கள், பார்க்க முடியாத கேமராவில் எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்து என்ன?

இரண்டாவது காரணம் மணல். இந்த மாதிரிச் சட்டைப்பைக் கேமராக்களில் லென்ஸ் குழாய் மாதிரி உள்ளேயிருந்து நீண்டு வெளியே வரும், அணைத்தால் உள்ளே போகும். ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் அதன்மேல் ஒட்டியிருப்பதையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் தனுஷ்கோடி ரோட்டில் நின்றிருக்கிறீர்கள்தானே, மணல் காலில் ஊசி குத்துவது போல அடிக்கும். நான் அப்படி ஒரு நாள் அரிச்சல்முனையில் குடும்பத்தோடு நின்றுகொண்டு, பிள்ளைகளை எடுக்கலாம் என்று ஆசையாக வாங்கி வைத்திருந்த ஒரு சின்னக் கேமராவை எடுத்தேன். ஆண்கடல், அதாவது அலை அதிகமான மன்னார் வளைகுடா பக்கம் நாலு படம், அமைதியான பெண்கடல் பக்கம் திரும்பி ஐந்தாவது எடுக்கும்போது கர்ரென்று ஒரு சத்தம், லென்ஸ் பாதி நீண்ட நிலையில் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனால் லென்ஸை மொத்தமாக மாற்ற வேண்டும், அந்தக் காசுக்கு இதே கேமராவைப் பழையதாக இன்னொன்று வாங்கிவிடலாம் என்றார்கள். அது அந்தக் கம்பெனியின் குற்றம் இல்லை, மணலின் குணம். டி3200-லும் மணல் புகும், அதுவும் காற்றுக்கும் தூசிக்கும் அடைப்பு வைத்துச் செய்யப்பட்டது இல்லை. ஆனால் மணல் கெடுப்பது லென்ஸை என்றால் லென்ஸை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு பழைய 18-55 தேடலாம், பாடி பிழைத்துக்கொள்ளும். ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் ஸ்டூடியோ வைத்திருக்கிற பத்துப் பேரைக் கேட்டால் யாராவது ஒருவர் அலமாரியில் அந்த லென்ஸ் சும்மா கிடக்கும்.

காதுகுத்து, புதுநன்மை வருமானம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதற்கும் பெரியதுதான். தலையில் தனி ஃப்ளாஷ் மாட்டும் இடம் டி3200-ல் உண்டு, ஆர்எக்ஸ்100 முதல் மாடலில் இல்லை. சர்ச்சுக்குள் ஃப்ளாஷை நேராக முகத்தில் அடிக்காமல் வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பினால்தான் வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளைகளின் படம் பார்க்கிற மாதிரி வரும். பேட்டரியும் ஒரு சார்ஜில் ஐந்நூறு படம் தாங்கும், சின்னதில் முந்நூறை ஒட்டி.

ஆனால் பெரிய கேமராவில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பாசி எடுக்கும் பெண்களைப் படம் எடுக்க வெளியூரிலிருந்து எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். காலில் கட்டுகிற தட்டைக் காட்டச் சொல்லி, விரலில் துணி சுற்றியிருப்பதைக் காட்டச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒரு பிரதி திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று அம்மாவிடமே கேளுங்கள். அதனால் கருப்பாகப் பெரிதாக ஒன்று கழுத்தில் தொங்கினால் அந்தப் பெண்கள் உடனே விறைத்துவிடுவார்கள், அல்லது போஸ் கொடுப்பார்கள், இரண்டும் உங்களுக்கு வேண்டாம். சின்னக் கேமரா என்றால் இந்தத் தொல்லை குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வெளியூர் ஆள் இல்லையே. முதல் பத்து நாள் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா போய் உட்காருங்கள், பாசியைப் பரப்பக் கை கொடுங்கள், குப்பை பொறுக்குங்கள், எடுக்கவே வேண்டாம். அப்புறம் எடுக்கிற முதல் படங்களை நாலுக்கு ஆறு சைஸில் பிரிண்ட் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். செல்போனில் அனுப்புவது கணக்கில் வராது, கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி கொடுக்க வேண்டும். அந்தப் படங்கள் அவரவர் வீட்டுச் சுவரில் ஏறின பிறகு உங்கள் கேமரா எவ்வளவு பெரியது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடலுக்குள் கொண்டுபோவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும் என்று தெரியும். வேண்டாம். இரண்டு கேமராவுமே நனையக் கூடாதவை, உப்புத் தண்ணீர் ஒரு தடவை உள்ளே போனால் அன்றோடு முடிந்தது, காயவைத்துப் பிழைக்கவைக்கிற கதையெல்லாம் நல்ல தண்ணீரில் விழுந்ததற்குத்தான். வள்ளத்தில் போகும்போது செல்போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், போதும். தீவுப் பக்கம் இறங்குவது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா விஷயம், 21 தீவுகளும் அதற்குள்தான் வருகின்றன, அனுமதி இல்லாமல் கேமராவோடு போய் நின்றால் சிக்கல் உங்களோடு நிற்காது, அம்மாவின் பிழைப்பு வரைக்கும் போகும். கரையிலேயே எடுப்பதற்கு நிறைய இருக்கிறது. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் அவர்கள் போகிற நாட்களில் விடிகாலை புறப்பாடும் மத்தியானம் திரும்புவதும், போகாத நாட்களில் வலைப்பை தைப்பதும் கண்ணாடிக்கு ரப்பர் மாற்றுவதும் என்று எடுத்தாலே ஒரு வருடம் பத்தாது.

இப்போது ஸ்டூடியோக்காரரிடம் போய்க் கேமராவைப் பார்க்கிற விஷயம். டி3200 வந்தது 2012-ல், அதனால் எப்படி இருந்தாலும் வயதான கேமராதான். கல்யாணத்துக்குப் போய் வந்த கேமரா என்றால் ஒரு கல்யாணத்துக்கே ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் தடவை ஷட்டர் அடித்திருக்கும். இந்த வகைக் கேமராக்களின் ஷட்டரை ஒரு லட்சம் தடவை என்கிற கணக்கில் வைத்துச் செய்கிறார்கள், அதைத் தாண்டியும் ஓடும், சிலது முன்னாலேயே போகும். அது எத்தனை தடவை அடித்தது என்கிற எண்ணை நிக்கான் ஒவ்வொரு படத்தின் ஃபைலுக்குள்ளும் எழுதிவைக்கிறது. அங்கேயே ஒரு படம் எடுத்து அந்த ஃபைலை வாங்கிக்கொள்ளுங்கள். அறுபதாயிரத்துக்குக் கீழ் என்றால் 12,000 சரி, அதற்கு மேல் என்றால் ஒன்பது, பத்துக்குக் கேளுங்கள், லட்சத்தைத் தாண்டியிருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒரு சின்ன நெம்பு இருக்கும், விரலால் மெதுவாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் தகடுகள் விலகி லென்ஸ் முழுக்கத் திறக்கும். முன்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் ஒன்றும் இல்லை. சிலந்தி வலை மாதிரி, அல்லது மரத்துக் கிளை மாதிரி நூல் நூலாக ஓடினால் அது பூஞ்சை. நம் கடற்கரையில் அலமாரியில் பூட்டிவைத்த லென்ஸுக்குத்தான் அது அதிகம் வரும், உபயோகத்தில் இருக்கிற லென்ஸுக்குக் குறைவு. பூஞ்சை இருந்தால் அந்த லென்ஸ் வேண்டாம், பாடிக்கு மட்டும் விலை பேசுங்கள்.

பேட்டரி வைக்கிற குழியைத் திறந்து செப்புத் தகடுகளைப் பாருங்கள், ஃப்ளாஷ் மாட்டுகிற இடத்தில் இருக்கும் திருகுகளைப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ இந்தக் கேமரா கடலைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம், வெளியே தெரிகிற அளவு உள்ளேயும் இருக்கும். அப்புறம் எஃப் 22-க்கு மூடி வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கருப்பாகப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, சுத்தம் செய்யலாம், அதைக் காட்டி ஐந்நூறு குறையுங்கள்.

லென்ஸின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். ஏஎஃப்-எஸ் (AF-S) என்று இருக்க வேண்டும். ஏஎஃப்-பி (AF-P) என்று இருந்தால் அது இதற்குப் பின்னால் வந்த கேமராக்களுக்கான லென்ஸ், டி3200-ல் மாட்டும், ஆனால் ஃபோகஸ் ஆகவே ஆகாது. எஸ், பி இல்லாமல் வெறும் ஏஎஃப் என்று போட்ட பழைய லென்ஸ்களும் வேண்டாம், அவற்றை ஃபோகஸ் செய்கிற மோட்டார் இந்தப் பாடிக்குள் கிடையாது, கையால் திருப்ப வேண்டும். பின்னால் முதல் இரண்டு மூன்று காதுகுத்துக் காசு வந்ததும் பழையதாக ஒரு ஏஎஃப்-எஸ் 35 எஃப் 1.8 தேடுங்கள். மேலே நான் சொன்ன கணக்கு அன்றைக்கு மாறிவிடும், மூன்று மடங்கு சென்சாரும் எஃப் 1.8-ம் சேரும்போது விடிகாலைப் படத்தில் சின்னக் கேமரா பக்கத்தில் வர முடியாது. பெரியதில் படம் நன்றாக வரும் என்று உங்களிடம் சொன்னவர்கள் சொன்னது அந்த லென்ஸோடுதான் உண்மை.

இவ்வளவும் பார்த்து டி3200 தேறவில்லை என்றால் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், மாமா மகனிடம் ஆர்எக்ஸ்100-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். கெட்டுப்போன பெரியதைவிட நன்றாக இருக்கிற சின்னது எவ்வளவோ மேல். வெயிலில் தலைமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு திரையைப் பாருங்கள், காற்று அடிக்கிற நாளில் உறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

மிச்சம் இருக்கும் மூவாயிரத்தில் இன்னொரு பேட்டரி, ஒரு நல்ல மெமரி கார்டு, அப்புறம் ரப்பர் பட்டை வைத்த மூடியோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று. கேமராப் பைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், பை ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் கால் கிலோ போட்டு, அதன்மேல் துணி விரித்து, கேமராவை வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம், ஆனால் சமைக்கிற சட்டியில் வறுக்கக் கூடாது, அதற்கென்று ஒரு பழைய சட்டி ஒதுக்கிவிடுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், அதன் மாவு உள்ளே போகும், வேண்டாம். கரைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து பாடியை ஒரு துடை துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு துடை. உங்கள் பக்கம் நல்ல தண்ணீர் குடம் காசு கொடுத்து வாங்குவது எனக்குத் தெரியும், இதற்கு அரை டம்ளர் போதும். உப்பு ஒட்டியிருந்தால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், டப்பாவுக்குள் வைத்தாலும் விடாது. லென்ஸை மணலில் நின்று கழற்றவே கழற்றாதீர்கள், வீட்டுக்குள் வந்து, ஃபேனை நிறுத்திவிட்டு.

படம் எடுக்க ஆரம்பித்ததும் முகமெல்லாம் இருட்டாக வருகிறதே என்று எழுதப்போகிறீர்கள், அதற்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளை மணலையும் மினுங்குகிற கடலையும் பார்த்துக் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துத் தானாகக் குறைத்துவிடும். ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்ட ஒரு பட்டன் இருக்கும், ஆட்டோவை விட்டுவிட்டு பி (P) மோடில் வைத்துக்கொண்டு அதை அழுத்தியபடியே சக்கரத்தைத் திருப்பிக் கூட்டல் ஒன்றில் வையுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்துப் போகும், போகட்டும், அம்மா முகம்தானே வேண்டும்.

ஸ்டூடியோக்காரரிடம் எடுக்கிற அந்த ஒரு படத்தை எனக்கு அனுப்புங்கள், ஷட்டர் எண்ணை நான் பார்த்துச் சொல்கிறேன். வாட்ஸப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் உள்ளே எழுதியிருக்கிற எண் அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். எண்ணைச் சொல்லும் வரை முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.